ஸ்டாம்ப் வாழ்த்து அட்டையில் என்ன கோளாறு? அச்சைப் பார்த்தே காரணம் கண்டுபிடிக்கலாம்

அச்சு சரியாக விழாத அட்டையைப் பார்த்ததும் பலரும் செய்வது, அடுத்த தாளில் இன்னும் பலமாக அழுத்துவது. அதனால் சரியாவது அபூர்வம். கை அழுத்தத்தால் வரும் கோளாறுகள் குறைவு. ஸ்டாம்ப், இங்க், தாள் ஆகிய மூன்றில் ஏதோ இரண்டு ஒத்துப்போகாததால் வருபவையே அதிகம். மடிப்பதிலும் ஒட்டுவதிலும் அப்படித்தான். தாளின் இயல்புக்கு எதிராகப் போனால், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அட்டை கோணிக்கொள்ளும்.

ஆகவே கெட்டுப்போன அச்சை உடனே கசக்கிப் போடாதீர்கள். அது எப்படிக் கெட்டிருக்கிறது என்று உற்றுப் பார்த்தால் காரணம் அதிலேயே தெரியும். அட்டைக்கு எடுத்த அதே தாளில் சில துண்டுகளை வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். கையில் கிடைத்த வேறு தாளில் சோதித்தால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது.

## அச்சில் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன

இது மூன்று விதமாக வரும். முதலில் ஸ்டாம்பின் முகத்தைப் பாருங்கள்.

இங்க் ஸ்டாம்பின் மேலேயே முத்து முத்தாகத் திரண்டு நின்றால் கோளாறு ஸ்டாம்பில். புது ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்புகளில், அதாவது ஒளி ஊடுருவும் மெல்லிய ஸ்டாம்புகளில், தயாரிப்பின்போது படிந்த வழுவழுப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும். இங்க் அதில் பரவாமல் திரளும். வெள்ளை அழிரப்பரால் முகப்பை லேசாகத் தேய்த்து, மிதமான சோப்பு நீரில் கழுவி, காற்றில் உலரவிடுங்கள். முதல் சில அச்சுகளைத் துண்டுத் தாளில் அடியுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. மெல்லிய கோடுகள் உள்ள ஸ்டாம்பில் அது வேண்டாம், கோடே தேய்ந்துவிடும்.

ஸ்டாம்பில் இங்க் சீராக இருந்தும் தாளில் ஒரு பகுதி மட்டும் வெளிறி விழுந்தால், அடியில் இருக்கும் பரப்பைக் கவனியுங்கள். ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்புக்குப் பின்னால் மெத்தை கிடையாது. மேசையில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் அச்சில் தெரியும். தாளுக்கு அடியில் 2 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் ஷீட் ஒன்றை விரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிவப்பு ரப்பர் ஸ்டாம்புக்கு இது பொருந்தாது. அதன் பின்னால் ஏற்கெனவே ஃபோம் ஒட்டியிருக்கும். அதற்குக் கெட்டியான மேசைதான் வேண்டும். மேலும் கீழும் மெத்தை இருந்தால் ஸ்டாம்ப் அமுங்கி, தாளைத் தொடக்கூடாத பள்ளங்களும் தொட்டுக் கறையாக்கும்.

மூன்றாவது, வெள்ளைப் புள்ளிகள் படம் முழுக்க ஒரே மாதிரி பொடிப்பொடியாக இருப்பது. அது தாளின் சொரசொரப்பு. துணி நெசவு போல முகப்பு கொண்ட அட்டைத்தாள்களில் இங்க் மேட்டில் மட்டும் படியும், பள்ளத்துக்குள் போகாது. தாளைத் திருப்பிப் பாருங்கள். சில தாள்களுக்குப் பின்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். இல்லையென்றால் வழுவழுப்பான தாளில் அச்சடித்து, வெட்டி, சொரசொரப்பான அட்டையின் மேல் ஒட்டுங்கள்.

கோடுகளே இல்லாத, முழுக்க நிரம்பிய பெரிய உருவங்கள் தனி ரகம். பெரிய இலை, பெரிய பூ போன்றவற்றை வழக்கமான முறையில் அடித்தால் நடுவில் திட்டு விழுவது சகஜம். ஸ்டாம்பை முகம் மேலே இருக்கும்படி மேசையில் வையுங்கள். இங்க் பேடைக் கையில் எடுத்து ஸ்டாம்பின் மேல் தட்டித் தட்டிப் பூசுங்கள். தாளை அதன் மேல் கவிழ்த்து, மேலே ஒரு துண்டுத் தாள் போட்டு, விரல் நுனியால் எல்லா இடத்தையும் தேயுங்கள். ஸ்டாம்பைத் தாளில் அழுத்துவதைவிட இது பலமடங்கு நம்பகமானது. இப்படிப்பட்ட உருவங்களுக்கு தாளுக்குள் ஊறும் டை இங்க்கைவிட, தாளின் மேலே உட்காரும் பிக்மென்ட் இங்க் சீராக விழும்.

ஸ்டாம்ப் பிளாட்ஃபார்ம் இருந்தால் வேலை இன்னும் எளிது. ஸ்டாம்ப் அதன் மூடியில் ஒட்டியிருக்கும், தாள் கீழே காந்தத்தால் அசையாமல் நிற்கும். முதல் அச்சு வெளிறினால் மறுபடி இங்க் பூசி அதே இடத்தில் அழுத்தலாம். தாள் இம்மியளவு நகர்ந்தாலும் இரட்டைக் கோடு வந்துவிடும் என்பதால், அச்சு திருப்தியாக வரும்வரை காந்தத்தை எடுக்காதீர்கள்.

## கோடு தடித்துவிடுகிறது, எழுத்தின் சுழிகள் அடைபடுகின்றன

தமிழ் வாசக ஸ்டாம்புகளில் இது சட்டென்று கண்ணில் படும். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் இங்க் நிரம்பி, எழுத்து கரும்பொட்டாகிவிடும். புது இங்க் பேடிலும், அப்போதுதான் இங்க் ஊற்றிய பேடிலும் இது அதிகம். ஸ்டாம்பைப் பேடில் வைத்து அழுத்தாதீர்கள். மேலோட்டமாக மூன்று நான்கு முறை தொட்டு எடுத்தால் போதும். பிறகு ஸ்டாம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சுழிக்குள் பளபளப்பாக இங்க் தேங்கி நின்றால் முதல் அச்சைத் துண்டுத் தாளில் அடித்துவிட்டு, மறுபடி இங்க் பூசாமலே இரண்டாவதை அட்டையில் அடித்துப் பாருங்கள்.

கோட்டின் ஓரத்திலிருந்து மெல்லிய மயிரிழைகள் கிளம்பியது போலக் கசிந்தால் அது வேறு. தாள் அதிகமாக உறிஞ்சுகிறது, இங்க்கும் தண்ணீராக இருக்கிறது. டை இங்க்கை விட்டுப் பிக்மென்ட் இங்க்குக்கு மாறுங்கள். அது தாளுக்குள் ஊறாமல் மேலே உட்காரும், கோடு கூர்மையாக நிற்கும்.

## படத்தைச் சுற்றிக் கறை, அல்லது கோடு இரண்டாகத் தெரிகிறது

ஓரக்கறைக்குக் காரணம் ஆட்டுவது. எல்லாப் பக்கமும் பதியட்டும் என்று அக்ரிலிக் பிளாக்கை, அதாவது ஸ்டாம்பை ஒட்டிப் பிடிக்கும் கட்டையை, முன்னும் பின்னும் சாய்த்தால், ஸ்டாம்பின் விளிம்பு தாளைத் தொட்டுவிடும். சிறிய ஸ்டாம்பைப் பெரிய பிளாக்கில் ஒட்டினால் நீங்கள் ஆட்டாமலே அது சாயும். ஸ்டாம்பைவிடச் சற்றே பெரிய பிளாக் எடுங்கள். இங்க் பூசியதும், பள்ளங்களிலும் விளிம்பிலும் ஒட்டிய இங்க்கை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அச்சடியுங்கள்.

இரட்டைக் கோடு விழுவது பெரும்பாலும் தூக்கும்போதுதான். ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு பிளாக்கை நேராக மேலே எடுங்கள். ஸ்டாம்ப் பிளாக்கில் சரியாக ஒட்டாமல் வழுக்கினாலும் இதே கோளாறு வரும். தூசிதான் அதற்குக் காரணம், சோப்பு நீரில் கழுவினால் பிடிப்பு திரும்பிவிடும். நீளமான வாசக ஸ்டாம்ப் வளைந்து விழுந்தால், ஒட்டும்போது அதை இழுத்திருக்கிறீர்கள். ஸ்டாம்பைக் கையால் பிய்த்து எடுத்து ஒட்டாமல், வரிக்கோடு போட்ட தாளின் மேல் முகம் கீழாகக் கிடத்தி, நேராக்கி, மேலிருந்து பிளாக்கை வைத்து எடுங்கள்.

## நேரமானாலும் காயவில்லை, தொட்டால் ஈஷுகிறது

பளபளப்பான தாளில் பிக்மென்ட் இங்க் அடித்திருந்தால் அது காயாது என்றே வைத்துக்கொள்ளலாம். பிக்மென்ட் இங்க் காய்வதற்குத் தாள் அதன் ஈரத்தைக் கொஞ்சமாவது உறிஞ்ச வேண்டும். பூச்சு போட்ட தாள் உறிஞ்சாது. அத்தகைய தாளுக்கு, தாள் உறிஞ்சாமலே ஆவியாகிக் காயும் சால்வென்ட் இங்க்தான் சரி. பூ, கோடு போன்ற வடிவங்கள் அச்சிட்ட பேட்டர்ன் பேப்பர்களில் சிலவற்றுக்கு மேலே மெல்லிய பூச்சு இருக்கும் என்பதால், நேரடியாக அதன் மேல் அச்சடிக்கும் முன் ஓரத்துண்டில் ஒருமுறை அடித்து, ஐந்து நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள்.

அடித்தே முடித்துவிட்டீர்கள் என்றால், ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் நிறமில்லாத எம்பாஸிங் பவுடரை, அதாவது சூட்டில் உருகி மேடாக நிற்கும் பொடியை, தூவி உருக்கிவிடலாம். அட்டை பிழைத்துக்கொள்ளும்.

## வண்ணம் தீட்டினால் கறுப்புக் கோடு கரைகிறது

இதில் கைத்திறனுக்கு வேலையே இல்லை, பொருத்தம்தான் எல்லாம். வாட்டர்கலரோ தண்ணீரில் கரையும் பென்சிலோ என்றால், கோடு தண்ணீர் பட்டாலும் அசையாத இங்க்கில் இருக்க வேண்டும்: காய்ந்த ஆர்க்கைவல் இங்க் அல்லது சால்வென்ட் இங்க். ஆல்கஹால் மார்க்கர் என்றால் நேர்மாறு. சால்வென்ட் இங்க் ஆல்கஹாலில் கரைந்து படம் முழுக்கக் கரி பூசியது போலாகும். மார்க்கருக்கு ஏற்றது என்று குறித்திருக்கும் டை இங்க் வேண்டும். அந்த டை இங்க் தண்ணீர் பட்டால் ஓடிவிடக்கூடும். ஆகவே ‘எதற்கும் கரையாது’ என்று நம்பி ஒரே பேடை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ள முடியாது. வாட்டர்கலருக்கு ஒன்று, மார்க்கருக்கு ஒன்று என்று இரண்டு கறுப்புப் பேட் வாங்கி, மூடியில் பெயர் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஆல்கஹால் மார்க்கர் தாளின் மறுபக்கமும் ஊடுருவும். அட்டையின் முகப்பிலேயே தீட்டினால் உள்பக்கம் கறை தெரியும். தனித் தாளில் தீட்டி வெட்டி ஒட்டுங்கள்.

## எம்பாஸிங் பவுடர் கண்ட இடத்தில் ஒட்டுகிறது, அல்லது சொரசொரப்பாக நிற்கிறது

பவுடர் படத்தில் மட்டும் ஒட்டாமல் தாள் முழுக்கப் பொடியாகத் தெளித்து நின்றால், தாளில் நிலைமின்சாரமோ விரல்களின் எண்ணெய்ப்பசையோ இருக்கிறது. அச்சடிக்கும் முன் டால்கம் பவுடர் அல்லது சோளமாவு கட்டிய சிறு துணி முடிச்சால் தாள் மேல் ஒத்தி எடுங்கள். அச்சடித்த பிறகு ஒத்தினால் மாவு ஈர இங்க்கில் ஒட்டி எல்லாம் கெடும். தூவிய பின் தாளின் பின்பக்கம் விரலால் சுண்டி, மிச்சப் பொடியை உதிர்த்து, அப்படியும் நிற்பதை நுனி மெல்லிய உலர்ந்த தூரிகையால் தள்ளிவிடுங்கள்.

கோட்டில் பவுடர் ஒட்டவே இல்லையென்றால் டை இங்க்கில் அடித்திருப்பீர்கள். அது பவுடர் தூவுவதற்குள் காய்ந்துவிடும். பிக்மென்ட் இங்க் அல்லது நிறமற்ற எம்பாஸிங் இங்க் தேவை.

உருக்கும் கட்டம் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டியது. சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை அட்டையில் காட்டும் முன் பத்துப் பதினைந்து விநாடி வெறுமனே ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஓரிடத்தில் காட்டுங்கள். மணல் போல மங்கலாக இருந்த பொடி ஒரு கணத்தில் குழைந்து பளபளவென்று ஈரம் போல மின்னும். அந்தக் கணமே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். முன்னதாக எடுத்தால் சொரசொரப்பு மிச்சமிருக்கும், அதை மறுபடி சூடாக்கிச் சரிசெய்யலாம். அதிகமாகக் காட்டினால் உருகியது தாளுக்குள் இறங்கி, மேடு தட்டையாகி, சுற்றிலும் எண்ணெய் பட்டது போல வளையம் விழும். இதற்கு மருந்தில்லை. முடி உலர்த்தும் டிரையரால் முயல வேண்டாம். அதில் சூடு போதாது, காற்றின் வேகம் பொடியை ஊதித் தள்ளிவிடும்.

மெல்லிய எழுத்துகளில் பவுடர் கட்டியாகத் தெரிந்தால் பொடியின் அளவுதான் காரணம். நுண்பொடி ரகம் தனியாகக் கிடைக்கிறது.

## மடிப்பு வெடித்து உள்ளே வெள்ளை தெரிகிறது

தாளில் இழைகள் ஒரு திசையில் ஓடும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் இழைகள் முறிந்து விளிம்பு பிளக்கும். 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையிலான அட்டைத்தாளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

A4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள், 210 x 297 மி.மீ. இதிலிருந்து A6 அளவில், அதாவது 105 x 148 மி.மீ. அளவில், இரண்டு அட்டைகள் வெட்ட இரண்டு வழிகள் உண்டு. குறுக்கே வெட்டி 210 x 148.5 துண்டுகளாக்கி 105-இல் மடிக்கலாம். அல்லது நெடுக வெட்டி 105 x 297 துண்டுகளாக்கி 148.5-இல் மடிக்கலாம். முடிவில் அளவு ஒன்றேதான். ஆனால் இழை 297 மி.மீ. பக்கமாக ஓடும் தாளில் முதல் முறையில் மடிப்பு இழையோடு விழும், இரண்டாவதில் குறுக்கே விழுந்து வெடிக்கும். தாள் நல்ல தாள், ஸ்கோர் போட்டதும் (மடிப்புக் கோட்டை முன்கூட்டியே அழுத்திப் பள்ளமாக்கியதும்) சரி, ஆனாலும் வெடிக்கிறது என்று குழம்புபவர்கள் முதலில் எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

இழைத் திசை அறிய, தாளை வெட்டாமல் இரு கையால் பிடித்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பின்றி வளைகிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் திசையே இழையின் திசை. மெல்லிய தாளென்றால் சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கத்தை நனையுங்கள். அது குழலாகச் சுருளும், குழலின் நீளவாட்டே இழை.

குறுக்கே மடித்தே ஆக வேண்டிய அட்டைகளும் உண்டு. அப்போது ஸ்கோர் கோட்டை ஒரே அழுத்தில் போடாமல் இரண்டு மூன்று முறை மென்மையாக ஓட்டுங்கள். ஸ்கோர் போட்டதும் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் உண்டாகும். மேடு அட்டைக்கு உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். பலரும் இதை மாற்றிச் செய்கிறார்கள்.

## ஒட்டிய பிறகு அட்டை வளைந்துகொள்கிறது

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. பசை பட்ட பேட்டர்ன் பேப்பர் இழைக்குக் குறுக்கே விரிந்த நிலையில் ஒட்டிக்கொள்கிறது. காயும்போது சுருங்கி, அடியிலுள்ள அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. பெரிய துண்டாக ஒட்டினால் இழுப்பும் பெரிது. பேட்டர்ன் பேப்பரின் இழையும் அட்டையின் இழையும் ஒரே திசையில் இருந்தால் வளைவு குறையும்.

பெரிய பரப்புக்கு இருபக்க டேப், சின்னத் துண்டுகளுக்கு மட்டும் பசை என்று வைத்துக்கொள்வது நல்லது. பசைதான் வேண்டுமென்றால் தாள் முழுக்கப் பூசாமல், ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி மெல்லிய கோடாகப் போட்டு, சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். துண்டுகளை உயர்த்தி ஒட்டும் ஃபோம் டேப்பும், எம்பாஸிங்கும் இதற்குப் பிறகுதான்.

ஏற்கெனவே வளைந்த அட்டையையும் மீட்கலாம். முகப்பின் உள்பக்கத்தில் அதே அளவு வெற்றுத் தாளை, அதே பசையால், இழை அதே திசையில் இருக்கும்படி ஒட்டி அழுத்தத்தில் வையுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகி நிமிரும். முகப்பில் ஃபோம் ஒட்டியிருந்தால் மட்டும் இந்த வழி கிடையாது.

## பார்டர் ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு

அளவைக் கண்ணால் போடாதீர்கள். 105 x 148 அட்டைக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. விட்டால் அடுத்த அடுக்கு 99 x 142. அதன் மேல் இன்னோர் அடுக்கு என்றால் 93 x 136. அரை மில்லிமீட்டர் பிசகு ஒரே அடுக்கில் தெரியாது. அடுக்குகள் கூடக்கூடத் தெரியும்.

வெட்டு சரியாக இருந்தும் ஒட்டும்போது கோணினால் டேப்பின் குணம் அது: தொட்டதும் பிடித்துக்கொள்ளும். டேப்பின் மேல்தாளை இரு முனையிலும் 1 செ.மீ. மட்டும் உரித்து, வெளிப்பக்கமாக மடித்து நீட்டிவிடுங்கள். துண்டை இடத்தில் வைத்துச் சரிபார்த்து, முனைகளை மட்டும் அழுத்தி, பிறகு நீட்டிய தாளைப் பிடித்து இழுத்தால் மிச்சமும் ஒட்டிவிடும்.

வெட்டிய ஓரம் பிசிறாக இருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. புதியது மாற்றுங்கள். தடித்த தாளைக் கத்தியால் வெட்டும்போது இரும்பு ஸ்கேலை அசைக்காமல் பிடித்து, ஒரே மூச்சில் அல்லாமல் மூன்று நான்கு மென்மையான வெட்டுகளாக வெட்டுங்கள்.

## வாசகம் கண்ணில் படவில்லை

பேட்டர்ன் பேப்பரின் மேல் நேரடியாக அடித்த வாசகம் எப்போதும் தோற்கும். டை இங்க் ஒளி ஊடுருவுவது. அடியிலுள்ள பூவும் கோடும் எழுத்துக்குள் தெரியும். 12 முதல் 15 மி.மீ. உயரமுள்ள வெள்ளைத் துண்டில் அடித்து ஒட்டுங்கள். கருநிறத் தாளில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், வெள்ளை இங்க் மங்கிவிடும். வெள்ளை எம்பாஸிங் பவுடர்தான் எடுப்பாகத் தெரியும்.

வடிவத்தின் அளவையும் பாருங்கள். A6 அட்டையில் பெரிய பூ வடிவத் தாளை வைத்தால் பாதிப் பூ, கால் இலை என்று அரைகுறையாகத் தெரியும். ஒரு பெரிய வடிவம், ஒரு பொடி வடிவம், ஒரு கோடோ புள்ளியோ. இதற்கு மேல் போகாமலிருந்தால் ஸ்டாம்ப் படம் தனித்து நிற்கும்.

## உறைக்குள் போகவில்லை, போனாலும் மூடவில்லை

A6 அட்டைக்கு C6 உறை, 114 x 162 மி.மீ. தட்டையான அட்டைக்கு இந்த இடைவெளி தாராளம். ஃபோம் டேப் ஓர் அடுக்கு என்றால் இடம் இருக்கும். இரண்டு அடுக்கும் மேலே மணியும் வந்துவிட்டால் உறை திணறும், அஞ்சலில் அழுத்தம் பட்டு மணியின் தடம் அட்டையின் உள்பக்கம் வரை பதியும். அட்டை உப்பி, மடிப்பும் சரியாக மூடாமல் நின்றால், அடுத்த அட்டையில் ஒன்றுக்குப் பதில் 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஸ்கோர் கோடுகள் போட்டு முதுகு கொடுங்கள். அந்த 3 மி.மீ. தாளின் நீளத்தில் கூடுதலாகச் சேர்க்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் முகப்பு குட்டையாகிவிடும்.